டைல்ஸ் இடுக்கில் ஓதம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடி ஃபிளாட் எங்களுடையது. கட்டி ஒன்பது வருடம் ஆகிறது. ஷவர் விழும் இடத்தில் டைல்ஸ் இடுக்கில் இருந்த வெள்ளைப் பூச்சு விரிசல் விட்டு மாவு மாவாக உதிர்கிறது. இரண்டு முறை கொத்தனாரை அழைத்து ஒயிட் சிமென்ட் அடைத்தோம். ஐந்தாறு மாதம்கூடத் தாங்கவில்லை. சுவரும் தரையும் சேரும் மூலையில் கறுப்புக் கோடு விழுந்திருக்கிறது. கீழ் வீட்டுக்காரர் தங்கள் சீலிங்கில் ஓதம் என்று வந்து நிற்கிறார். மொத்த டைல்ஸையும் உடைத்துத்தான் ஆக வேண்டும் என்கிறார்கள். வேறு வழி உண்டா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: இப்போதைக்கு உடைக்கச் சம்மதிக்காதீர்கள் அம்மா. உடைத்தே தீர வேண்டும் என்றால் அதற்கான காரணம் கையில் இருக்க வேண்டும். அதை இதுவரை யாரும் தேடவே இல்லை என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. வந்தவர்கள் எல்லாரும் இடுக்கைப் பார்த்திருக்கிறார்கள். தண்ணீர் எந்த வழியாகக் கீழே போகிறது என்று பார்க்கவில்லை.

முதலில் அந்த ஒயிட் சிமென்ட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டைல்ஸ் ஒட்டி முடித்ததும் ஒயிட் சிமென்ட்டை வெறும் தண்ணீரில் குழைத்து, பழைய துணியால் இடுக்கில் தேய்த்துவிட்டுப் போவது நம் ஊரில் வெகுகாலப் பழக்கம். அதில் மணலும் இல்லை, பிடிமானம் தரும் பிசினான பாலிமரும் இல்லை. வெறும் சிமென்ட் காயும்போது சுருங்கும். சுருங்கினால் டைல்ஸ் விளிம்பை விட்டு மயிரிழை அளவு விலகும். தினமும் தண்ணீர் நிற்கிற இடத்தில் அந்த மயிரிழை போதும். கடையில் டைல்ஸ் கிரவுட் என்று பாக்கெட்டில் வருவது வேறு பொருள். சிமென்ட், நைசான மணல் அல்லது கல்மாவு, பாலிமர் மூன்றையும் ஆலையிலேயே அளந்து கலந்திருப்பார்கள். விலை கொஞ்சம் கூட. ஆனால் ஒரு குளியலறைக்குத் தேவைப்படுவது ஒன்றிரண்டு கிலோதான். அதில் மிச்சம் பிடிப்பதை நான் ஏற்கவே மாட்டேன். போதாததற்கு உங்கள் கொத்தனார் இரண்டு முறையும் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே அப்பியிருப்பார். ஒரு மில்லிமீட்டர் கனத்தில் மேலே உட்கார்ந்த பூச்சுக்குப் பிடிமானம் ஏது?

அடுத்தது இன்னும் முக்கியம். நல்ல சிமென்ட் கிரவுட்டாகவே இருந்தாலும் தண்ணீரை முழுக்கத் தடுக்கும் வேலையை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. கொஞ்சம் ஈரம் அதன் வழியாக இறங்கத்தான் செய்யும். தடுக்க வேண்டியது டைல்ஸுக்கு அடியில் இருக்கும் வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு. அடுக்குமாடி வீடுகளில் குளியலறைத் தளத்தை முக்கால் அடி, ஒரு அடி தாழ்த்தி ஊற்றுவார்கள். குழாய்களைப் பதித்த பிறகு செங்கல் துண்டும் மணலும் போட்டு நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டுவார்கள். விரிசல் விட்ட இடுக்கு வழியாக இறங்கும் தண்ணீர் இந்த நிரப்பலில் ஊறிக்கொண்டே இருக்கும். அது நிறைந்த பிறகுதான் கழிவுக் குழாய் ஸ்லாபைத் துளைக்கும் இடத்திலோ மூலையிலோ வழி கண்டுபிடித்துக் கீழ் வீட்டில் தலை காட்டும். ஆகவே கீழே கறை தெரியும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று எண்ண வேண்டாம்.

இனி நீங்கள் செய்ய வேண்டிய சோதனை. ஒரு வாரம் அந்தக் குளியலறையைப் பூட்டி வையுங்கள். குழாய்க்கு வரும் வால்வை மட்டும் திறந்தே வையுங்கள். கீழ் வீட்டு ஓதம் கொஞ்சமாவது பின்வாங்குகிறதா என்று, சீலிங்கில் பென்சிலால் ஓரம் வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். யாருமே குளிக்காதபோதும் ஓதம் பரவிக்கொண்டே இருந்தால் சந்தேகம் சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாய் மேல். அதற்கு பிளம்பர் வேண்டும். கிரவுட் எத்தனை முறை போட்டாலும் பயன் இல்லை. ஓதம் நின்றால், அல்லது குறைந்தால், தரையையும் கழிவு வழியையும் பார்க்கலாம்.

அதற்கு நானி டிராப்பின், அதாவது தரைத் தண்ணீர் வடியும் துளையின், வாயைத் துணியும் பிளாஸ்டிக் உறையும் வைத்து இறுக அடையுங்கள். வாசற்படியைத் தாண்டாமல் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, சுவரில் மட்டத்தைக் குறித்து, 24 மணி நேரம் விடுங்கள். இதைத் தொடங்கும் முன் கீழ் வீட்டுக்காரரிடம் சொல்லி, அந்த சீலிங்கில் உள்ள லைட், எக்ஸாஸ்ட் ஃபேன் இணைப்பை அணைத்து வைக்கச் சொல்லுங்கள். இதைச் சொல்லாமல் யாரும் தண்ணீர் கட்டாதீர்கள். ஆவியாகி ஓரிரு மில்லிமீட்டர் குறைவது இயல்பு. அதற்கு மேல் இறங்கினால் தரை இடுக்கு, மூலை, அல்லது நானி டிராப்பைச் சுற்றிய விளிம்பு. மட்டம் அப்படியே நின்று, அடைப்பை எடுத்துத் தண்ணீரை வடித்த பிறகு கீழே சொட்டினால் டிராப்பிலோ அதற்குக் கீழே உள்ள குழாயிலோ கோளாறு. என் அனுபவத்தில் இடுக்கைக் குற்றம் சொல்லும் வீடுகளில் பலவற்றில் தண்ணீர் போகும் வழி அந்த டிராப் விளிம்புதான். ஜல்லடைத் தட்டைத் தூக்கி விரல் விட்டுப் பாருங்கள், டைல்ஸுக்கும் டிராப்புக்கும் நடுவே கலவையே இல்லாமல் மண் தெரியும்.

கூடவே ஒரு ஸ்க்ரூடிரைவர் பிடியால் ஒவ்வொரு டைல்ஸையும் தட்டிக் கேளுங்கள். கெட்டியான சத்தம் வந்தால் அடியில் கலவை நிறைந்திருக்கிறது. டொப்பென்று கேட்டால் அடியில் வெற்றிடம். ஒன்றிரண்டு அப்படி இருந்தால் அவற்றை மட்டும் எடுத்து மாற்றலாம். தரையில் பாதிக்கு மேல் டொப்பென்று கேட்டால், அல்லது இரண்டு அங்குலத் தண்ணீர் ஒரே ராத்திரியில் காணாமல் போனால், அப்போது உடைக்கச் சொல்கிறவர்கள் சொல்வது சரி. நானும் அதையே சொல்வேன். அந்த நிலை இல்லை என்றால் இடுக்கை மட்டும் முறையாகச் செய்து பாருங்கள். வேலை இப்படி நடக்க வேண்டும்.

பழைய பூச்சை எடுப்பதில்தான் உழைப்பு முழுவதும் இருக்கிறது. டைல்ஸ் கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆழம் வரை எடுக்க வேண்டும். 8 மில்லிமீட்டர் டைல்ஸ் என்றால் 5 மில்லிமீட்டருக்கு மேல். கிரவுட் சுரண்டும் கத்தி ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். குறுகிய இடுக்குக்கு ஆக்ஸா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு இழுத்தால் நன்றாக வரும். நான்கு அங்குல கட்டிங் மெஷினை இதற்கு அனுமதிக்காதீர்கள். கை ஒரு கணம் நழுவினால் டைல்ஸ் முகத்தில் வடு, அடியில் இருக்கும் வாட்டர்ப்ரூஃபிங்கிலும் வெட்டு. வேலை செய்பவர் முகக்கவசமும் கண்ணாடியும் போட்டிருக்கட்டும்; அந்தத் தூசு நுரையீரலுக்கு மிகக் கெடுதல்.

சுரண்டிய தூசைப் பெயின்ட் பிரஷால் முழுக்கத் தட்டி எடுங்கள். இதற்கு முன் ஆசிட் போட்டுக் கழுவிய தரையாக இருந்தால் ஒரு பக்கெட் தண்ணீரில் ஒரு கைப்பிடி சமையல் சோடா கரைத்துக் கழுவி, பிறகு நல்ல தண்ணீரில் அலசி, இரண்டு நாள் ஃபேன் போட்டுக் காய விடுங்கள்.

கலக்கும் தண்ணீர் குடிக்கும் தண்ணீராக இருக்கட்டும். போர் தண்ணீரில் கலந்தால் சில வாரங்களில் இடுக்கில் வெள்ளையாக உப்புப் பூக்கும். மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் போட்டுக் குழைத்து, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதம் வந்ததும் ஐந்து பத்து நிமிடம் சும்மா விட்டு, மறுபடி ஒரு முறை குழைக்க வேண்டும். இறுகுகிறதே என்று நடுவில் தண்ணீர் ஊற்றினால் போயிற்று: சாயம் திட்டுத் திட்டாகும், காய்ந்ததும் நுண்துளை விழும், ஆறு மாதத்தில் மறுபடி மாவு உதிரும். இடுக்கை லேசாக நனைத்து, தேங்கிய தண்ணீரை ஒற்றி எடுத்துவிட்டு, ரப்பர் கரண்டியைச் சாய்த்துப் பிடித்து இடுக்குக்குக் குறுக்குவாட்டில் அழுத்தி இழுங்கள். இடுக்கோடு நீளவாட்டில் இழுத்தால் நிரப்பியதைக் கரண்டியே தோண்டி எடுத்துவிடும். கால் மணி, அரை மணி நேரத்தில் நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் துடைக்கலாம். 24 மணி நேரம் மிதிக்கக் கூடாது. மூன்று நாள் ஷவர் வேண்டாம்.

எவ்வளவு வாங்குவது என்று கேட்பீர்கள். ஒரு அடிக்கு ஒரு அடி டைல்ஸ், 8 மில்லிமீட்டர் கனம், 2 மில்லிமீட்டர் இடுக்கு என்றால் 10 சதுர அடிக்கு சுமார் 160 கிராம் போகும். 30 சதுர அடித் தரைக்கு அரைக் கிலோ. சேதாரமும் சேர்த்து ஒரு கிலோ பாக்கெட் தாராளம். 3 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான இடுக்காக இருந்தால் மணல் கலந்த வகையைக் கேட்டு வாங்குங்கள்.

அந்தக் கறுப்புக் கோடு விழுந்த மூலைக்கு மட்டும் கிரவுட் போடவே கூடாது. இதைச் சொன்னால் என்னோடு வேலை செய்யும் ஆட்களே ஒப்ப மறுப்பார்கள், ஆனாலும் விடமாட்டேன். சுவரும் தரையும் தனித்தனியாக அசையும் இரண்டு பாகங்கள். ஸ்லாப் பாரத்தில் கொஞ்சம் தாழும், வெந்நீர் பட்டு டைல்ஸ் விரியும், ஆறினால் சுருங்கும். விறைப்பான சிமென்ட்டால் இரண்டையும் சேர்த்துக் கட்டினால் அது கட்டாயம் வெடிக்கும். சுவரும் சுவரும் சேரும் நேர்க் குத்து மூலையும் அப்படித்தான். இந்த மூலைகளில் பழையதை முழுக்க எடுத்து, நன்றாகக் காயவைத்து, இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, குளியலறைக்கான பூஞ்சை பிடிக்காத சிலிக்கான் சீலன்ட் போட வேண்டும். சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் ஒரே இழுப்பில் தடவிவிட்டு, அது இறுகும் முன் டேப்பை உரித்துவிடுங்கள். ஒரு நாள் தண்ணீர் படக் கூடாது. நானி டிராப் விளிம்புக்குப் பாலிமர் கலந்த கலவையோ எபாக்சி என்ற பிசின் கலவையோ வைத்து அடைக்கச் சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகும் கீழ் வீட்டு ஓதம் உடனே மறையாது. நிரப்பலில் ஊறிய தண்ணீர் வடிந்து காய வாரக்கணக்கில் ஆகும். இதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மனஸ்தாபம் வராது. சீலிங் முழுக்கக் காயும் முன் அவரைப் பெயின்ட் அடிக்கவும் விடாதீர்கள்.

கேள்வி: குளியலறை இடுக்குக்கு எபாக்சி போட்டால் ஆயுளுக்கும் கவலை இல்லை, பழையதன் மேலேயே போட்டுவிடலாம் என்கிறார் டைல்ஸ் கடைக்காரர். விலை பல மடங்கு. போடலாமா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பொருள் நல்ல பொருள். பழையதன் மேல் போடலாம் என்பது மட்டும் தவறு. எபாக்சி கிரவுட்டில் சிமென்ட்டே கிடையாது. பிசின், அதை இறுகச் செய்யும் திரவம், நைசான சிலிக்கா மாவு என்று மூன்று பாகமாக வரும். தண்ணீரை உறிஞ்சாது, கறை ஏறாது, சாதாரணக் கழுவு திரவங்களுக்கு அசையாது. ஆனால் அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதோ அந்த இடம் உறுதியாக இருக்க வேண்டும். உதிரும் சிமென்ட் மேல் போட்டால் கீழே இருப்பதோடு சேர்ந்து பட்டையாகப் பெயர்ந்து வரும். சிமென்ட் கிரவுட்டுக்குச் சொன்ன அதே ஆழத்துக்கு இடுக்கைச் சுரண்டி, துளி ஈரமும் இல்லாமல் காயவைத்த பிறகே போட வேண்டும்.

நான் எப்படிச் செய்வேன் என்றால், குளிக்கும் இடத்துத் தரைக்கும் சுவரில் மூன்று நான்கு அடி உயரம் வரைக்கும் எபாக்சி. அதற்கு மேல் சுவருக்கு நல்ல பாலிமர் கிரவுட். செலவு பாதியாகக் குறையும், தண்ணீர் தேங்கும் இடம் பத்திரமாக இருக்கும்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வையுங்கள். கலந்த எபாக்சி வெயில் காலத்தில் அரை மணி நேரத்துக்குள் கையை மீறிவிடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். அப்படிக் கலக்கும்போது மூன்று பாகத்தையும் சின்னத் தராசில் நிறுத்துத்தான் எடுக்க வேண்டும். கண் மதிப்பில் ஊற்றினால் சில இடம் இறுகாமல் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். டைல்ஸ் மேல் படிந்த மெல்லிய படலத்தை அன்றைக்கே வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்பும் கொண்டு இரண்டு முறை துடைத்து எடுக்காவிட்டால் மறுநாள் சுரண்டினாலும் வராது. வேலை செய்பவர் கையுறை போட வேண்டும். வெறும் கையில் தொட்டுத் தொட்டு அலர்ஜி வந்து தொழிலையே விட்டவர்கள் உண்டு. நேர் வெயில் விழும் ஜன்னலோரம் வெளிர் நிற எபாக்சி மஞ்சளாகும், அங்கே சாம்பல் நிறம் எடுங்கள்.

உங்கள் வீட்டில் டைல்ஸை இடைவெளியே விடாமல் ஒட்டி வைத்திருந்தால் எபாக்சியோ மற்றதோ உள்ளே போக வழியே இல்லை. ஒட்டிப் போட்டால்தான் அழகு என்று கேட்டு வாங்கிக்கொள்கிறோம். புது வீடு கட்டுகிறவர்கள் தயவுசெய்து நடுவே இடைவெளி விடும் 2 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்துப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: வாரம் ஒருமுறை வீட்டு வேலைக்கு வரும் அக்கா ஆசிட் ஊற்றித் தேய்த்துப் பளிச்சென்று வைத்திருக்கிறார். ஆனாலும் இடுக்கெல்லாம் பள்ளமாகிக்கொண்டே போகிறது. என்ன காரணம்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: காரணம் அந்த ஆசிட்தான் அம்மா. கடையில் லிட்டர் கணக்கில் விற்பதும், டாய்லெட் கழுவும் திரவங்கள் பலவற்றில் இருப்பதும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். பாட்டிலின் பின்புறம் படித்துப் பாருங்கள். அது சிமென்ட்டில் உள்ள சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் குளோரைடாக மாறும். அது தண்ணீரில் கரையும் உப்பு. ஊற்றியதும் நுரைத்து வருவதை அழுக்கு போகிறது என்று நினைக்கிறோம். கரைந்து போவது உங்கள் கிரவுட். வாராவாரம் ஒரு படலம் போனால் வருடக் கடைசியில் பள்ளம்தான் மிஞ்சும். குழாயின் பளபளப்பும் அதே ஆவியில்தான் போகிறது.

அதைவிட எனக்குப் பெரிய கவலை அந்த அக்காவைப் பற்றி. ஜன்னல் மூடிய சின்ன அறையில் வெறும் கையோடு, குனிந்து, அந்தப் புகையை முகத்தில் வாங்கிக்கொண்டு தேய்க்கிறார். நாலைந்து வீட்டில் இதையே செய்கிறவராக இருப்பார். நம் வீட்டிலாவது ஆசிட் பாட்டில் இருக்கக் கூடாது. ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், உயிருக்கே ஆபத்து. இதை அவருக்கு உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

பதிலுக்குத் தினசரி பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து நைலான் பிரஷால் தேய்த்தால் போதும். போர் தண்ணீரின் வெள்ளை உப்புக் கறை டைல்ஸ் முகத்தில் படிந்திருந்தால், முதலில் தரையையும் இடுக்கையும் நல்ல தண்ணீரில் நன்றாக நனையுங்கள். பிறகு வினிகரை நீர்க்கக் கலந்து டைல்ஸ் முகத்தில் மட்டும் துணியால் தடவி, இரண்டு நிமிடத்தில் அலசிவிடுங்கள். நனைந்த இடுக்கு அமிலத்தை அதிகம் உறிஞ்சாது. எல்லாவற்றையும்விடப் பலன் தருவது, கடைசியாகக் குளிப்பவர் வைப்பரால் தண்ணீரைத் தள்ளிவிட்டு ஃபேனைப் போட்டுவிட்டு வருவது. தண்ணீர் தானாக நானி டிராப்புக்கு ஓடாமல் தேங்குகிறது என்றால் தரைக்கு வாட்டம் சரியில்லை. அந்த இடத்து இடுக்குதான் எப்போதும் முதலில் போகும்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரே குளியலறைதான். 80 வயது தாண்டிய அம்மா இருக்கிறார். கிரவுட் போடுவதற்காக மூன்று நாள் எப்படி மூடி வைப்பது?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: மூட வேண்டாம் ஐயா, பாதி பாதியாகச் செய்யுங்கள். வாசலிலிருந்து கழிப்பிடம் வரைக்குமான நடைபாதைப் பகுதியை முதலில் சுரண்டி, சாயங்காலம் அம்மாவுக்கு எல்லாம் முடிந்த பிறகு கிரவுட் போடுங்கள். அந்த ஒரு இரவுக்குக் கட்டிலோரம் பெட் பேனோ, நடுவில் ஓட்டை உள்ள கமோட் நாற்காலியோ வாடகைக்கு எடுத்து வையுங்கள். மறுநாள் சாயங்காலம் அந்தப் பகுதியை மிதிக்கலாம், தண்ணீர் மட்டும் சிந்தக் கூடாது. அதற்குப் பிறகு குளிக்கும் பகுதியைத் தொடுங்கள். அந்த மூன்று நாளும் அம்மாவுக்குப் படுக்கையிலேயே வெந்நீரில் துடைத்துவிடலாம்.

வேலை முடிந்ததும் பளபளப்பாக இருக்கும் என்று தரைக்கு சீலர் என்ற மேற்பூச்சு அடிக்கச் சொல்வார்கள். வேண்டாம், வழுக்கும். என்றைக்காவது தரை மாற்றும்போது பெரிய டைல்ஸுக்குப் பதில் ஒரு அடிக்குக் குறைவான, சொரசொரப்பான டைல்ஸ் போடுங்கள். இடுக்கு அதிகமாக இருந்தால் காலுக்குப் பிடிமானமும் அதிகம். ஆள் வந்திருக்கும்போதே கழிப்பிடத்துக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடிக் கம்பியும் அடித்து வாங்கிவிடுங்கள். துளையில் திருகு இறக்கும் முன் சிலிக்கான் கொஞ்சம் நிரப்பச் சொல்லுங்கள், சுவருக்குள் தண்ணீர் இறங்காது.

கேள்வி: ஷவர் குழாய்க்குக் கீழே ஒரே ஒரு டைல்ஸைச் சுற்றி மட்டும் திரும்பத் திரும்ப விரிசல் வருகிறது. மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்கிறது.
– ஒரு வாசகர், சேலம்

பதில்: அந்த டைல்ஸ் அசைகிறது. நான்கு மூலையிலும் நடுவிலும் பொட்டுப் பொட்டாகக் கலவை வைத்து ஒட்டியிருப்பார்கள். கட்டை விரலால் ஓரத்தை அழுத்திப் பாருங்கள், மெல்லிய அசைவு தெரியும். எடுக்கும் முன் குழாய்க்கு வரும் வால்வை மூடிவிடுங்கள். சுற்றிலும் இடுக்கைச் சுரண்டிய பிறகு நெம்பினால் பக்கத்து டைல்ஸ் உடையாது. சுவர் ஈரமாக இருந்தால் குழாயைச் சோதியுங்கள். காய்ந்திருந்தால் பழைய கலவையைக் கொத்தி எடுத்து, பையில் ஐ.எஸ். 15477 என்ற இந்தியத் தர எண் போட்ட டைல்ஸ் பசையை முதுகு முழுக்கத் தடவி ஒட்டுங்கள். ஒரு நாள் விட்டு கிரவுட். அதே நிற டைல்ஸ் கிடைக்காவிட்டால் தேடி அலைய வேண்டாம், அந்த வரிசை முழுவதையும் வேறு நிறத்தில் ஒரு பட்டையாக மாற்றிவிடுங்கள்.